பெருந்தொற்றுக் காலப் பள்ளிக் கல்வி (தமிழ்நாடு, 2020–2022)

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தொலைக்காட்சி, கைப்பேசி, சுழற்சி முறை நேரடி வகுப்பு, தெருவோரத் தன்னார்வலர் மையம் எனப் பல வழிகளில் கிடைத்த படிப்பு. 2020 மார்ச் 17 முதல் 2022 பிப்ரவரி 1 வரை, மூடுவதும் திறப்பதுமாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இது நீடித்தது.

நோய்க்காலத்தில் பாடத்தை வீட்டுக்கே அனுப்பும் முயற்சி பழையது. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வானொலி நிலையங்கள் கால் மணி நேரப் பாடங்களை ஒலிபரப்பின. பாட அட்டவணையை நாளிதழ்கள் அச்சிட்டன. வானொலி இல்லாத, அல்லது சரியாகக் கேட்காத வீடுகளின் பிள்ளைகளுக்குப் பாடம் போய்ச் சேரவில்லை. 83 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டிலும் இதே சிக்கல்தான் எழுந்தது.

தமிழ்நாட்டில் ஓர் அடித்தளம் முன்பே இருந்தது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து இயங்கும் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்தது. 2020 ஜூலையில் அதில் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளில் பாடக் காணொலிகள் ஏற்றித் தரப்பட்டன. தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் வகுப்புகளுக்கு மாறின. அதே மாதம் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மழலையருக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும், எட்டாம் வகுப்பு வரை இரண்டு அமர்வுகளே போதும் என்றும் வரம்பு விதித்தது.

பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் உடன் போய்விடும். காலையில் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தைப் பிள்ளை பார்ப்பதற்கு இரவாகிவிடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் பாடம் வந்திருந்தால் யார் முதலில் பார்ப்பது என்ற போட்டி வேறு. ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால் அன்றைக்குப் பாடமே இல்லை. தொலைக்காட்சி இந்தச் செலவைக் குறைத்தது என்றாலும், புரியாத பிள்ளை அதனிடம் சந்தேகம் கேட்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இந்தக் குறை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

நேரடி வகுப்புகள் மேல் வகுப்புகளிலிருந்து தொடங்கின. 2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்பினர், பெற்றோரின் சம்மதக் கடிதத்தோடு பள்ளிக்கு வந்தனர். ஓர் அறையில் 25 பேர் என்பது வரம்பு. வாசலில் வெப்பநிலை பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். பிப்ரவரி 8-இல் 9, 11-ஆம் வகுப்பினர் சேர்ந்தனர். மார்ச் 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்கு மறுபடியும் மூடல். இரண்டாம் அலை தணிந்தபின் செப்டம்பர் 1 முதல் 9–12 வகுப்புகள் சுழற்சி முறையில் நடந்தன. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குக் கதவு திறந்தது நவம்பர் 1-இல்தான். நேரில் கற்பிக்க ஆள் தேவைப்படும் சின்னப் பிள்ளைகளே அதிக காலம் காத்திருந்தனர். தொற்று அச்சத்தில் எடுத்த முடிவு என்றாலும், இழப்பு அவர்களுக்கே மிகுதி.

பொதுத்தேர்வுகளும் குலைந்தன. 2020 ஜூனில் பத்தாம் வகுப்புக்கு ‘ஆல் பாஸ்’ அறிவிக்கப்பட்டு, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80, வருகைக்கு 20 விழுக்காடு என மதிப்பெண் கணக்கிடப்பட்டது. 2021 ஜூனில் பிளஸ் டூ தேர்வும் ரத்தானது.

இக்காலத்தின் முக்கிய முயற்சி ‘இல்லம் தேடிக் கல்வி’. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். ஒதுக்கீடு 200 கோடி ரூபாய். அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், பள்ளி விட்டபின் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை சுமார் 20 குழந்தைகளைக் கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தனர். ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பிளஸ் டூ, அதற்கு மேல் பட்டப்படிப்பு தகுதி. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். அவர்கள் செய்த வேலைக்கு இது மிகச் சிறிய தொகை.

அதன் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் பெரும் சரிவு தெரிந்தது. தமிழைவிடக் கணக்கில் அது ஏறத்தாழ இருமடங்கு. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் சரிவின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும், பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளே அதில் கூடுதலாகப் பயனடைந்தனர் என்றும் ஆய்வாளர்கள் கணித்தனர். நேரில் கற்பிக்கும் ஒருவரைத் தெருவுக்கே அனுப்பியது பலித்தது.

மூன்றாம் அலையில் 2022 ஜனவரியில் மூடப்பட்ட பள்ளிகள் பிப்ரவரி 1-இல் எல்லா வகுப்புகளுக்கும் திறந்தன. ஜூன் 13 அன்று, மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிக்க ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடங்கியது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகள் அப்போது மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் முதன்முதலில் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பின் நடுவில்தான். இந்தத் தொகுதி 2030-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் இவர்களுடைய வாசிப்பையும் கணக்கையும் தனியே கவனித்து வருவது கல்வித்துறையின் பொறுப்பு.