பசை என்று பெயர் பெற்ற அணுக்கள்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயர் மனத்தில் பதித்துவிட்ட எண்ணத்தை மாற்றுதல் அரிது. மூளை ஆராய்ச்சியின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று. நேயர்களுக்கு அதனைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

ஜெர்மானிய மருத்துவப் பேரறிஞர் ருடால்ஃப் விர்க்கோ, மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே நிரம்பிக் கிடக்கும் பொருளுக்கு 1856-ஆம் ஆண்டில் 'நியூரோகிளியா' என்று பெயர் சூட்டினார். 'நரம்புப் பசை' என்பது அதன் பொருள். செங்கற்களை இணைக்கும் சாந்தினைப் போல நரம்பணுக்களைத் தாங்கி நிற்பதே அதன் பணி என்று பலரும் எண்ணினர். அப்பசையினுள்ளும் பல இன அணுக்கள் உண்டு என்பது பின்னர் விளங்கிற்று. விண்மீன் வடிவில் கிளை பரப்பியவை 'ஆஸ்ட்ரோசைட்' எனப்பட்டன. 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரீயோ ஒர்த்தேகா, தாமே வகுத்த சாயமேற்றும் முறையால் 'மைக்ரோகிளியா' என்னும் நுண்ணணுக்களைப் பிரித்துக் காட்டினார். இடம்பெயரவும், உருமாறவும், சிதைந்தவற்றை விழுங்கவும் வல்ல இவை மூளையின் காவற்காரர்களாக மதிக்கப்பட்டன. ஆயினும் காவலன் வீட்டைக் கட்டுவான் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

இஃது ஒருபுறம் இருக்க, ஹார்மோன் ஆராய்ச்சி வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. கெட்டிங்கன் நகரில் 1849-இல் பெர்த்தோல்டு என்பார் இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றினார். அவற்றுட் சிலவற்றுக்கு மட்டும் ஒரு விதையை வயிற்றினுள்ளே வேறிடத்தில் வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுபட்டிருந்தும் அவை கொண்டையும் கூவலும் உடைய சேவல்களாகவே வளர்ந்தன. ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே சென்று உடலை ஆள்கிறது என்பது தெளிவாயிற்று. அத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்ற பெயரை ஸ்டார்லிங் என்பார் 1905-இல் வழங்கினார்.

1959-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்து அறிஞர் நால்வர், சினையுற்ற கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினர். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் பெண்மைக்குரிய இணைவியல்பு குன்றி, ஆண்களின் நடத்தையைக் காட்டின. ஹார்மோன் பருவம் எய்திய உடலைத் தூண்டுவதோடு நில்லாது, கருவிலிருக்கும் மூளையையும் ஒரு வகையில் அமைத்து விடுகிறது என்று அவர்கள் முடிவு கட்டினர். எலிகளில் இவ்வமைப்பு நிகழும் காலம், பிறப்பதற்குச் சற்று முன் தொடங்கிப் பிறந்த சில நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆண் குட்டியின் ஹார்மோன் மூளையை அடைந்து அங்கே எஸ்ட்ரடயோலாக மாறியே இவ்வேலையைச் செய்கிறது என்பது விந்தையான செய்தி.

அங்ஙனமாயின் மூளையில் அச்செய்தியைச் செயலாக்குவோர் யார்? நரம்பணுக்கள் மட்டுமே என்று நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கையை அசைத்த ஆய்வுகளுட் பல, பால்டிமோர் நகரிலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்கார்த்தியும் அவர்தம் குழுவினரும் செய்தவை. பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில் ஒரு பகுதியில், ஆணின் ஆஸ்ட்ரோசைட்டுகள் பெண்ணினுடையவற்றைக் காட்டிலும் மிகுதியாகக் கிளைத்திருக்கக் கண்டனர். நரம்பணுக்கள் ஹார்மோனின் செய்தியை ஏற்று, காபா என்னும் இரசாயனத்தின் வாயிலாக இவற்றுக்கு அறிவிக்கின்றன என்றும் அறிந்தனர்.

இனக்கவர்ச்சி நடத்தைக்குரிய வேறொரு பகுதியில் எஸ்ட்ரடயோல், புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைப் பெருகச் செய்வதை 2004-இல் வெளியிட்டனர். காய்ச்சலிலும் வீக்கத்திலும் நாம் காணும் பொருளே இது! அங்கே ஆண் குட்டியின் மைக்ரோகிளியாக்கள் கிளை சுருங்கி உருண்டு விழிப்புற்ற நிலையில் இருப்பதை 2013-இல் காட்டினர். இவற்றை மருந்தால் அடக்கியபோது, நரம்பணுக்களில் ஆணுக்குரிய முட்கிளைப் பெருக்கம் நிகழவில்லை; வளர்ந்தபின் நடத்தையும் மாறிற்று. மற்றொரு பகுதியில், ஆண் குட்டியின் மைக்ரோகிளியாக்கள் புதிதாகப் பிறந்த அணுக்களை மிகுதியாக விழுங்குவதும், அதனால் ஆண் குட்டிகள் கூடுதலாக விளையாடுவதும் 2019-இல் வெளியாயின. பசையென்று ஒதுக்கப்பட்டவை கட்டவும் குறைக்கவும் வல்ல தொழிலாளர்களாயின.

இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் வினவலாம். நோயை எதிர்க்கும் அணுக்களே மூளையை வளர்க்கும் அணுக்களும் ஆகுமாயின், அக்குறுகிய காலத்தில் தாய்க்கோ சேய்க்கோ நேரும் நோயும், உட்கொள்ளும் மருந்தும் இருவேலையையும் தொடக்கூடும். ஆட்டிசம் போன்ற குறைகள் ஆண் குழந்தைகளிடமே மிகுதியாகக் கண்டறியப்படுவதன் காரணத்தைத் தேடுவோர் இவ்வணுக்களை உற்று நோக்குவது இதனாலேதான். எனினும் எலியிடம் கண்டதை மனிதனிடம் அப்படியே ஏற்றிச் சொல்லுதல் தகாது. மனித மூளையில் ஹார்மோன் செல்லும் வழி வேறு. வளரும் காலமும் நெடிது. வளர்ப்பும் சமுதாயமும் சேர்ந்தே மனிதனை உருவாக்குகின்றன.

பெர்த்தோல்டின் சேவல்களும் விர்க்கோவின் பசையும் ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அவ்வணுக்கள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. நாம்தாம் அவற்றின் பெயரை மட்டும் பார்த்து அப்பால் சென்றோம்.