ஆயாக் கொட்டகை முதல் 98 நாள் வரை

'வேலையா, குடும்பமா?' என்ற தலைப்பில் எனக்கு முன் பேசிய சிலர், பெண்கள் படித்து அலுவலகம் போன பிறகுதான் இந்தச் சிக்கலே வந்தது என்றார்கள். நம் சமூகத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியில்லை. நம் பாட்டிமார்கள் படிக்கவில்லை, ஆனால் வேலைக்குப் போனார்கள். அதுவும் பொழுது விடிவதற்கு முன்பே!

ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு இருட்டாகப் பெரட்டு. பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய் நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்ட வேண்டும். பிறகு அதே மரங்களைச் சுற்றி வந்து மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு போக வேண்டும். வீடு திரும்ப மதியமாகிவிடும். 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற இடங்களில் அரசாங்கம் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இரண்டும் சேர்ந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அப்படியென்றால் கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்குத்தான் ஆயாக் கொட்டகை. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, உத்தரத்தில் வரிசையாகச் சேலை ஏணைகள். மரம் வெட்ட உடம்பு இடம் தராத வயதான அம்மா ஒருவர்தான் பெரும்பாலும் ஆயா. தூக்கம் கலையாத பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தாய் பெரட்டுக்கு ஓடுவாள். பால்கட்டி மார்பு கனக்க நிரையில் நின்ற கதையைப் பழைய தோட்டத்து அம்மாக்கள் இன்றும் சொல்வார்கள்.

இதைத் துரைமாரின் கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தாயின் கை நிரைக்குத் தேவைப்பட்டது, அதனால் கொட்டகை எழுந்தது. ஆனாலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'உன் பிள்ளை உன் பாடு' என்று தோட்டம் சொல்லவில்லை. வேலை வாங்குகிறவனுக்கும் அந்தக் குழந்தையில் ஒரு பங்கு இருந்தது.

கொட்டகை போதாத இடத்தில் சுமை யார் தலையில் விழுந்தது தெரியுமா? மூத்த மகள் தலையில். பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது. ஆனால் தம்பியை இடுப்பில் வைத்திருந்த அக்காள் எத்தனை நாள் அந்தப் பள்ளிக்குப் போயிருப்பாள்? அம்மா சம்பாதித்த அந்த 40 காசுக்குப் பின்னால் மகளின் படிப்பும் இருக்கிறது. 1941-இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் பெண்களுக்குப் பாதுகாப்பும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. அந்தப் போராட்டத்தில் உயிர்ப்பலியும் ஏற்பட்டது.

அதன் பிறகு 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955-இல் வந்த வேலைச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்பைத் தந்தது.

பிறகு காலம் மாறியது. தோட்டத் துண்டாடலில் பல குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை தொடங்கியது. தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து வாசலுக்கே வந்து பெண்களை ஏற்றிச் சென்றன. சம்பளம் கூடியது, ஷிஃப்ட் வேலை வந்தது. ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குப் பக்கத்தில் ஆயாக் கொட்டகை வரவில்லை. 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் மையங்களுக்குப் பதிவும் தரமும் வகுத்ததே தவிர, தொழிற்சாலை முதலாளி ஒரு மையம் நடத்தியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு இங்கேதான் மனத்தாங்கல். பட்டணத்துக்கு வந்த பிறகு பிள்ளை தாயின் சொந்தப் பிரச்சினையாகிவிட்டது. நேரலை நிகழ்ச்சி உள்ள நாள்களில் நான் வீடு திரும்ப இரவு பதினொன்றாகும். மாமியார் இல்லையென்றால் இந்த மேடையில் நான் நிற்க முடியாது. மாமியார் பக்கத்தில் இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்?

அந்த 60 நாள் விடுப்பு எவ்வளவு காலம் அப்படியே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? தீபகற்ப மலேசியாவின் தனியார் துறையில் 2022 முடியும் வரை! 2023 ஜனவரி முதல் நாள்தான் அது 98 நாளாக உயர்ந்தது. அன்றுதான் தந்தைக்கும் 7 நாள் விடுப்பு இந்தச் சட்டத்தில் முதன்முதலாக இடம்பிடித்தது.

இதே திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு, நம்மில் பலர் கவனிக்காதது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் தர வேண்டும். தாய்க்கு மட்டுமல்ல, தந்தைக்கும் அந்த உரிமை உண்டு. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் எத்தனை பேர் அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள், பார்ப்போம்.