ஓடும் சேற்றை அளந்த கதை



பால் நிறுக்கும் இடத்தில் அளவு தவறினால் கூலியும் தவறும் என்பது நாம் அறிந்ததே. வாளியில் இருக்கும் பாலை நிறுப்பது எளிது. குழாய்க்குள் ஓடிக்கொண்டிருப்பதை எப்படி அளப்பது? அதுவும் மணல் கலந்த சேறாக, மிக மெதுவாக ஓடினால்?

தண்ணீர் மீட்டர்கள் பலவற்றில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அது சுற்றுவதைக் கொண்டு நீரை அளப்பார்கள். சேற்றில் அது உதவாது. மணல் சக்கரத்தை அரித்துவிடும். ஓட்டம் குறைந்தால் வண்டல் படிந்து சக்கரமே நின்றுபோகும். குழாய்க்குள் தடை எதுவும் வைக்காமல் அளக்கும் வழி தேவைப்பட்டது.

அந்த வழி ஒரு தோல்வியில் தொடங்கியது. மைக்கேல் ஃபாரடே இங்கிலாந்தில் 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப்படிப்பு குறைவு. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியபோதே, கட்ட வந்த நூல்களைப் படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். காந்தத்தின் அருகே உலோகக் கம்பி அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் கண்டறிந்தார்.

பூமியும் ஒரு காந்தம்தானே? ஆற்றுநீரும் மின்சாரத்தைக் கடத்துகிறதே? அப்படியானால் ஓடும் ஆற்றிலும் மின்சாரம் பிறக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் மேல் 960 அடி செம்புக் கம்பியை நீட்டி, அதன் இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைக் கட்டித் தேம்ஸ் நதியில் இறக்கினார். கருவியின் முள் அசைந்தது. ஆனால் அந்த அசைவுக்கு வேறு காரணங்கள் இருந்தன. அவர் தேடியது கிடைக்கவில்லை.

எண்ணம் மட்டும் அழியவில்லை. 1941-இல் சுவிட்சர்லாந்துத் துறவி போனவெந்தூரா துர்லேமான் அம்முறையை ஆராய்ந்து எழுதினார். 1952-இல் நெதர்லாந்தில் இவ்வகை மீட்டர் விற்பனைக்கு வந்தது. கடலை நிலமாக்கும் பணியில், மணல் வாரும் கப்பல்கள் இறைத்த சேற்றை அது அளந்தது.

குழாய்க்கு வெளியே காந்தச் சுருள்கள். உள்சுவரில் எதிரெதிரே இரண்டு உலோக முனைகள். அவ்வளவுதான் கருவி. சேறு வேகமாக ஓடினால் மின்னழுத்தம் கூடும். மெதுவாக ஓடினால் குறையும். மிக மெதுவான ஓட்டத்தில் அது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியது. மணல் முனைகளில் மோதும்போது பொய்யான மின்குறிகளும் எழும். ஆகவே, காந்தத்தின் திசையை நொடிக்குப் பலமுறை மாற்றி, மெய்யையும் பொய்யையும் பிரிக்கிறார்கள். அளக்கும் இடத்தில் குழாயைக் குறுக்கி ஓட்டத்தை விரைவுபடுத்துவதும் உண்டு. அதனால் வண்டலும் எளிதில் படியாது.

இன்னொரு செய்தி. பிறந்த மின்சாரம் உலோகக் குழாய் வழியே கசிந்துவிடாமலும், மணல் அரிக்காமலும் இருக்க, குழாயின் உட்புறத்துக்கு ஓர் உறை வேண்டும். சேற்றை அளக்கும் மீட்டர்கள் பலவற்றில் அந்த உறை இயற்கை ரப்பரே. விடியலில் பால்மரம் சீவிய கைகளின் உழைப்பு அங்கேயும் இருக்கிறது.

கொல்லர் மகனின் தோல்வி 120 ஆண்டுகளுக்குப் பின் பலன் தந்தது. கணக்கில் தவறிவிட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம், இந்தக் கதையை இன்றிரவு சொல்லுங்கள்.