அறுந்த நாடியும் வளரும் உறுப்பும்

லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லும் மலைப்பாதையை அறியாதார் ஊவா மாகாணத்தில் அரியர். அப்பாதையிலே கையிற் காயமுற்ற சிறுவனொருவனைக் கொண்டு செல்லும் தந்தை வழிநெடுக நோக்குவது குருதி நின்றதா என்பதையே. சத்திரவைத்திய வரலாறும் நெடுங்காலம் அவ்வொன்றையே நோக்கிற்று. உயிர் தப்பிய பின் உறுப்பு என்னாகும், உறுப்புத் தப்பினும் அது வளருமா என்னும் வினாக்கள் மிகப் பிந்தியே எழுந்தன. அவை எழுந்தவாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இருதயத்தினின்று குருதியைக் கொண்டு செல்லும் குழாயே நாடி. அது அறுந்துழிப் பெருகும் குருதியை நிறுத்தச் சுசுருத சங்கிதை நான்கு வழிகளைக் கூறும்: துவர்ப்புச் சரக்கு, குளிர்ச்சி, சாம்பல், சூட்டுக்கோல் என்பன அவை. நாடியை நூலால் முடிதல் அந்நான்கினுள் இல்லை. உரோமர் காலத்து அறியப்பட்டுப் பின் அருகிப்போன அம்முறையை, 16ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சுப் படைகளோடு சென்ற அம்புருவாஸ் பாரே மீட்டெடுத்தார். உறுப்பை வெட்டியபின் சூட்டுக்கோலாற் தீய்ப்பதை விடுத்து அவர் நாடியை முடிந்தார். அதன்பின் ஏறக்குறைய நானூறாண்டு அதுவே சிகிச்சையாயிற்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணாக்கருக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1867இல் அவர் வெளியிட்ட ‘இரண வைத்தியம்’ தோன்றிய காலத்தில், எம்மொழியிற் கற்றோனும் அறுந்த நாடியை முடியவே கற்றான்.

தைக்க முயன்றார் ஒருவரும் இலர் என்பது பொருந்தாது. 1759இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், குருதி வாங்குகையிற் கீறுண்ட கைநாடியொன்றை, இலாம்பேட் என்பாரின் யோசனைப்படி ஹாலோவெல் என்பார் சிறு ஊசி குத்தி நூல் சுற்றி மூடினார், நாடி அடைபடவில்லை. பின்னர் விலங்குகளிற் செய்த சோதனைகள் தோல்வியுற, அவ்வழி நூறாண்டுக்கு மேல் தூர்ந்து கிடந்தது. 1896இல் சிக்காகோவில் மேர்பி என்பார் துடைநாடியொன்றை முனையோடு முனை பொருத்தினார். அதற்கு ஈராண்டு முன்னர் லியோன் நகரிற் குத்துண்ட பிரெஞ்சு சனாதிபதி கார்னோ, அறுந்த பெருங்குழாயைத் தைப்பார் இன்றி இறந்தார். அவ்வூர் மருத்துவ மாணவர் அலெக்சிஸ் கரெல் அதனை மறந்தாரல்லர். பூவேலைப்பெண் ஒருத்தியிடம் நுண்தையல் கற்று, வட்டமான நாடிவாயை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபெல் பரிசு பெற்றார். நூலேட்டில் வந்த முறை போர்க்களத்துக்கு வர மேலும் நாற்பதாண்டு சென்றமை வியப்பே.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் அடைந்த 2471 நாடிக்காயங்களை டிபேக்கியும் சிமியோனும் 1946இல் ஆராய்ந்தனர். நாடி முடியப்பட்டோரிற் பாதியளவினர் உறுப்பை இழந்திருந்தனர். கொரியப் போரில் (1950–1953) நாடியைத் தைத்தமையால் அவ்விழப்பு நூற்றுக்குப் 13 அளவாகக் குறைந்தது. தையற்றிறன் மட்டும் அதற்குக் காரணமன்று. முன்னைய போரிற் பத்து மணித்தியாலத்துக்கு மேற் கழித்துச் சத்திரவைத்தியரை அடைந்தவர், பின்னையதில் ஹெலிகொப்டரில் விரைந்து வந்தனர். குருதியற்ற தசை ஏறக்குறைய 6 மணித்தியாலத்தின் பின் மீளாது.

இவையெல்லாம் வளர்ந்த போர்வீரரிடம் கற்ற பாடங்கள். பிள்ளைகளின் நிலை வேறு. கொய்யா மரத்தினின்று கையூன்றி வீழும் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். முறிந்த முனை நாடியை நெருக்கும். எலும்பை நேராக்கிய அளவிலே பெரும்பாலும் நாடித்துடிப்பு மீளும். மீளாது கை வெளுத்துக் குளிர்ந்திருப்பின் திறந்து பார்த்தல் வேண்டும். இறுகிய கட்டினால் தசை குருதியிழந்து சுருங்கி, விரல்கள் பறவை நகம்போல் மடங்குதலை 1881இல் ஜெர்மானியராகிய வொல்க்மன் விளக்கினார். அக்கோணல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பிள்ளையின் நாடி சிறிது; தொட்டாலே சுருங்கும். சுற்றித் தொடர்தையலிட்டால், வளரும் நாடிக்கு அத்தையலே நெரிகயிறாகும். ஆதலின் தனித்தனி முடிச்சுக்களாகத் தைப்பர். இடைவெளி பெரிதாயின் காலிலிருந்து எடுத்த நாளத்துண்டை இடுவர். கைக்குழந்தைகளிற் கத்தியை நாடாது, குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்துக் காத்திருத்தலே பெரும்பாலும் நன்று. பதின்ம வயதினரின் நாடியோ வளர்ந்தோர் நாடியை ஒத்தது. ஏமாற்றுவது ஒன்றுண்டு: பிள்ளைகளின் பக்கக்கிளை நாடிகள் வலியன. பெருநாடி அடைபட்டும் கால் பிழைத்துவிடும், பெற்றோர் மகிழ்வர். சில ஆண்டுகளின் பின் அக்கால் மற்றதினுங் குட்டையாகி, நடக்கையிற் பிள்ளை நொண்டும். பிழைத்த கால் என்று கணக்கெழுதிய ஏடுகளில் இக்குறை இடம்பெறுவதில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். தோட்டப் பகுதிகளுக்கு வைத்தியவசதி வேண்டுமெனச் சட்டம் பிறந்தது 1872இல். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல். அக்காலத்தே கம்பளியில் தூளிகட்டிச் சுமந்து வந்த பிள்ளைக்கு ஆறு மணித்தியாலம் லயத்திலிருந்து பெருந்தெருவை அடையுமுன்னரே கழிந்திருக்கும். இன்று மோட்டார் வண்டி உண்டு. பாதையின் கொடுமை முற்றாக நீங்கவில்லை. 2021 மார்ச் 20ஆம் நாள் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறைக்கருகே பள்ளத்தில் வீழ்ந்து பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டதை யாவரும் அறிவர். நுண்தையல் வல்லார் பெருநகர்களிலேயே மிக்கிருக்கின்றனர். ஆதலின் அந்த ஆறு மணித்தியாலத்திற் பெரும்பகுதி வீட்டார் கையிலும் தோட்டத்து மருந்துச்சாலையிலுமே கழிகின்றது.

கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தில் துணியை வைத்து நேரே அழுத்திப் பிடித்தல் வேண்டும். கயிற்றால் இறுக்கின் பக்கக்கிளைகளும் அடைபடும். அழுத்தத்துக்கு அடங்காத பெருக்குக்கே மேற்கட்டு. அதுவும் அகலமான துணியால், கட்டிய நேரத்தைக் குறித்து. முறிவுக்கு மட்டை வைத்துக் கட்டிய பிள்ளையின் நகத்தை அழுத்தி விடின் செம்மை உடனே மீள வேண்டும். மீளாதாயினும், விரலை நீட்டுகையிற் பிள்ளை அலறினும், பதுளை வரும்வரை காத்திராது மட்டைக்கட்டை அவ்விடத்திலேயே தளர்த்தல் வேண்டும்.