விழுக்காடு ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம்: மாற்றுத்திறனாளி உதவித்தொகையின் வரலாறு

மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கி வருபவரிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட் போட்டிருக்காங்க?" என்பதுதான். தறியை நம்பிப் பிழைக்கும் நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூர் போன்ற ஊர்களில் அந்த எண்ணுக்குத் தனிக் கனம் உண்டு. அது 40-ஐத் தொட்டால் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். அதற்கு மேல் எண் எவ்வளவு ஏறினாலும் ஓய்வூதியம் அதனோடு ஏறுவதில்லை. இழப்பை அளக்கும் எண்ணும் கைக்கு வரும் பணமும் ஏன் பிரிந்து நிற்கின்றன என்பதற்கான விடை, இந்த உதவி வளர்ந்து வந்த வழியிலேயே இருக்கிறது.

விழுக்காட்டுக் கணக்கின் பழைய வடிவத்தை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் காணலாம். பின்னாளில் திருத்தப்பட்ட அதன் அட்டவணை, வேலையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாகவும், ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு போனதாகவும் கொண்டது. 1948-இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் நிரந்தர ஊனத்துக்கு இதே முறையைப் பின்பற்றியது. இவ்விரண்டிலும் எண் கூடினால் பணமும் கூடியது.

ஆனால் இவை கூலிக்கு வேலை செய்பவருக்காக வந்தவை. வீட்டோடு தறி போட்டுத் தானே ஓட்டுகிறவர் யாரிடம் இழப்பீடு கேட்பார்? இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைக்கு எந்த அட்டவணை பொருந்தும்?

அவர்களுக்கு அரசுதான் துணை. முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றில் அரசு உதவ வேண்டும் என்று அரசமைப்பின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. கூடவே, பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்றும் சேர்த்துக்கொள்கிறது. சென்னை மாநிலம் 1962-இல் மாதம் 20 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1974-இல் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் வந்தது. 'ஆதரவற்ற' என்ற சொல்லே அதன் இயல்பைக் காட்டிவிடுகிறது. ஊனத்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவு கூடுகிறது என்பதை அத்திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதைத்தான் கேட்டது. முதியோர் பணத்தின் சாயலிலேயே ஊனமுற்றோர் பணமும் அமைந்தது.

தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்த பணம் பின்னர் வங்கிக் கணக்குக்கு மாறியது. ஊருக்குள் வரும் வங்கி முகவரின் கைரேகை எந்திரம் பலருக்கு அலைச்சலைக் குறைத்தது. விரல் இழந்தவர்களுக்கோ அதுவே தடையானது.

மத்திய அரசு தேசிய அளவில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தைத் தொடங்கியது 2009-இல். 200 ரூபாயாக இருந்த அதன் பங்கு 2012-இல் 300 ஆனது. அதைப் பெற வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும்; ஊனமும் 80 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வராதவர்களின் முழுச் சுமையும் மாநிலத்துடையது. தமிழ்நாடு 2011-இல் ஓய்வூதியத்தை 500-இலிருந்து 1,000 ரூபாயாக்கியது. முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அதே தொகைதான்.

இந்தச் சமநிலையை மாற்றியது 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. 2017 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ஆனது 2023 ஜனவரியில். அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. 1,200-இல் கால்பங்கு 300; இரண்டையும் கூட்டினால் 1,500. சட்டம் கேட்ட குறைந்தபட்சத்தில் கணக்கு துல்லியமாக வந்து நின்றது.

இங்கேதான் சட்டத்தின் வரம்பும் தெரிகிறது. அது விகிதத்தைக் கட்டுகிறது, அடித்தொகையைக் கட்டவில்லை. முதியோர் பணம் உயராமல் கிடந்தால், விலைவாசி எங்கே போனாலும் 1,500 சட்டப்படி சரியாகவே இருக்கும். ஆந்திரம் 2024 ஜூலையில் இதே உதவியை 3,000-இலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் அந்தத் தொகையைச் சுட்டிக்காட்டியே போராடி வருகின்றன.

கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது போக, வருவாய்த்துறை ஓய்வூதியத்துக்காக வெண்ணந்தூர் அடங்கிய ராசிபுரம் தாலுகாவின் அலுவலகத்தில் இருவர் மனுக் கொடுப்பதாகக் கொள்வோம். ஒருவர் 45 விழுக்காடு. நடந்துபோய் வேலை பார்ப்பவர். இன்னொருவர் 70 விழுக்காடு. வெளியே போக ஆட்டோவும் துணையாளும் வேண்டும். இருவருக்கும் ஒரே தொகை. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2013-இல் வந்த உதவித்தொகையோ, அன்றாடத் தேவைக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று எனப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விகிதங்களை வைத்திருக்கிறது. நம் 2016 சட்டத்திலும் வழி இல்லாமலில்லை. அதிக ஆதரவு தேவைப்படுபவர் விண்ணப்பித்தால் மதிப்பீட்டு வாரியம் தேவையை ஆராய வேண்டும் என்று 38-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவை உதவித்தொகையோடு இணைத்தால், இரண்டாவது மனுதாரரின் ஆட்டோ வாடகையும் துணையாளின் கூலியும் அரசின் கணக்குக்குள் வந்துவிடும்.