கொல்லிப்பாவை: செய்யுளும் ஆடலரங்கும்

சங்கத் தொகைநூல்களில் பயிலும் வியப்புச் செய்திகளுள் கொல்லிப்பாவையைப் பற்றியது தனிச் சிறப்புடையது. கொல்லிமலையின் மேற்சாரலில் தெய்வம் ஆக்கி நிறுத்திய பெண்ணுருவம் அது. அவுணரும் அரக்கரும் வரின் நகைத்து மயக்கிக் கொல்வது என்பது பின்னையோர் உரைக்கும் கதை. இம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. 1997இல் அம்மாவட்டம் பிரியும்வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. மலைமேல் கோயில்கொண்ட எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என மக்கள் கொண்டு வழிபடுகின்றனர்.

இப்பாவை நமக்கு இருவேறு நிலைகளிற் கிடைக்கின்றாள். ஒன்று, செய்யுளில் அசையாது நிற்கும் நிலை. மற்றொன்று, இசையும் கூத்தும் கூடிய அரங்கில் ஆடும் நிலை. பின்னது சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலுள் பத்தாவதாக வைக்கப்பட்ட ‘பாவை’ ஆகும். ஏட்டிலுள்ள வியப்புக் கதையொன்று அரங்கேறுங்கால் எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு இஃது ஒரு பழைய சான்று. அம்மாற்றத்தை ஆராய்வதோடு, அரங்கில் உருமாறிய கதை மீண்டும் மலைக்கே திரும்பியதோ என்னும் வினாவையும் ஈண்டு எழுப்ப விழைகின்றோம்.

முதற்கண் செய்யுள். குறுந்தொகை 89, 100, நற்றிணை 185, 192, 201, அகநானூறு 62, 209 ஆகிய ஏழு பாட்டுக்களை எடுத்துக்கொள்வோம். ஏழும் அகப்பாட்டுக்கள். பாவையின் வரலாற்றைக் கூறுவது இவற்றைப் பாடிய எப்புலவர்க்கும் நோக்கமன்று. தலைவியின் எழிலையும் பெறற்கருமையையும் புலப்படுத்தும் உவமையாகவே பாவை வருகின்றது. அதனை ஆக்கியது யார் என்பதிலும் புலவர் ஒருமித்தாரல்லர். கடவுள் எழுதியது என்பது ஒன்று. கருங்கண் தெய்வம் எழுதியது என்பது ஒன்று. நற்றிணை 192 பூதம் புணர்த்தது என்கின்றது. எழுதுதலும் புணர்த்தலும் வேறுவேறு தொழில்கள். சுவரிலோ பாறையிலோ தீட்டிய வடிவம் ஒரு புலவர் நினைவில் நிற்க, உறுப்புக்களைப் பொருத்தி அமைத்த வடிவம் மற்றொருவர் நினைவில் நிற்கின்றது. ஒரே பொருளைப் பலரும் கேள்வியால் மட்டும் அறிந்திருந்தனர் போலும்.

இவற்றுள் பரணர் பாடிய நற்றிணை 201 நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. காற்று மோதினும், மழை கடுகிப் பொழியினும், இடியேறு சினந்து வீழினும், பெருநிலமே பெயரினும் தன் அழகிய உருக் கெடாது நிற்பது கொல்லிப்பாவை. அதுபோலத் தலைவி தன் நெஞ்சை விட்டு அகலாள் எனத் தன்னை இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் கூறுகின்றான். பாவையின் ஆற்றல் அதன் அசையாமையிலே உள்ளது. அது எவரையும் நோக்கவில்லை, நகைக்கவில்லை, அதற்குப் பகைவரும் இல்லை. நற்றிணை 185இல் கொலை என்னும் பேச்சு வருகின்றது. ஆயின், அங்கே கொலை சூழ்ந்தவள் பாவையன்று, பாவையை ஒத்த தலைவி. கொலையுண்ணும் நிலையில் இருப்பவன் அவளை விரும்பிய தலைவன். அது காதல் நோயைக் குறிக்கும் அகவழக்கேயன்றிப் போரைக் குறித்ததன்று. நகைத்துக் கொல்லும் பாவையை இவ்வேழு பாட்டுள் ஒன்றிலும் வெளிப்படையாகக் காண இயலாது.

இசை இப்பாட்டுக்களில் இல்லாமலில்லை. குறுந்தொகை 89இல் பாவை போன்ற இளையவள் உலக்கைப் பாட்டாகிய வள்ளை பாடி நெற்குறுகின்றாள். பாடுபவள் பாவையை ஒத்தவளே. பாவை வாய் திறக்கவில்லை. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியிடம் கூத்தரும் பாணரும் சென்றதைப் புறநானூறு 152, 153ஆம் பாட்டுக்களில் வன்பரணர் கூறுகின்றார். முழவும் யாழும் ஆகுளியும் பதலையும் அங்கே முழங்குகின்றன. இரண்டாம் பாட்டில், ஓரி ஈந்த வளத்தை உண்டு பசி நீங்கிய சுற்றத்தார் ஆடலையும் மாட்டாராய்ப் பாடலையும் மறந்தனர் என்று புலவர் வியக்கின்றார். (வறுமையே கலையை வளர்க்கும் என்பார்க்கு உகந்த பாட்டு இது.) இத்துணைக் கூத்தர் வந்துபோன மலையாயினும், அவர்கள் பாவையை ஆடினர் என்ற குறிப்பு அப்பாட்டுக்களில் இல்லை.

பாவை அரங்கிற்குச் சென்ற வழியை அரசியல் வரலாற்றில் தேடுதல் தகும். கபிலர் குறுந்தொகை 100இல் பாவையை ஓரியின் கொல்லிக்கு உரியதாகப் பாடுகின்றார். பரணரோ குறுந்தொகை 89இலும் அகநானூறு 62இலும் பொறையனுடைய கொல்லி என்கின்றார். இடையில் நிகழ்ந்ததை அகநானூறு 209இல் கல்லாடனார் தெரிவிக்கின்றார்: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான். மலை கைமாறியபோது பாவையின் புகழும் சேரர் உடைமை ஆயிற்று. சிலப்பதிகாரம் சேரர் குடியிற் பிறந்த துறவியால் இயற்றப்பட்டது என்பது அந்நூற் பதிகம் கூறும் மரபு. அங்ஙனமாயின், சேரர் அவையிற் பயின்ற ஒரு செய்தி சோழர் தலைநகரின் இந்திர விழாவில் ஆடப்பெறும் கூத்தாக அந்நூலில் இடம்பெற்றது வியப்பன்று.

ஈண்டு ஒரு தடை எழும். பாவையாடலைக் குறிக்கும் இளங்கோவடிகள் கொல்லியைக் குறிக்கவில்லை. ஈரடிக்கு மேற்பட்ட விளக்கமும் அவர் தரவில்லை. திருமகள் ஆடினாள், அவுணர் போர்க்கோலம் நீங்கினர் என்ற அளவே நூலால் அறியப்படுவது. கொல்லிப்பாவை வடிவாகத் திருமகள் ஆடினாள் என விளக்கியவர் அடியார்க்குநல்லார். எனவே ஆடலுக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு உரையாசிரியர் புனைந்ததே என ஒருவர் வாதிடக்கூடும். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அடியார்க்குநல்லார் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகியவற்றைக் கைக்கொண்டு உரை வரைந்தவர். கூத்துப் பற்றி அவர் கூறுவன நாடக மரபின் வழிப்பட்டவை. மேலும், முற்கூறிய நற்றிணை 201இல் பாவையின் உருவைச் சிறப்பிக்குமிடத்துப் பரணர் ‘திரு’ என்னும் சொல்லை ஆள்கின்றார். அங்கு அச்சொல் அழகின் பொலிவைக் குறிப்பது. அழகைக் குறித்த சொல் கூத்தர் மரபில் அழகின் தெய்வத்தைக் குறிப்பதாக வளர்ந்திருத்தல் கூடும் என்பது நம் கருத்து. ஆதலின் உரையாசிரியர் கூற்றை ஏற்று மேற்செல்கின்றோம்.

அரங்கின் இயல்பை அரங்கேற்று காதை நன்கு காட்டும். இருபத்துநான்கு விரல் அளவுடைய கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கம் அமைந்தது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் இருந்தன. ஆடலாசானோடு இசையாசானும், புலவனும், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியரும் கூடித் தொழிற்பட்டனர். பாவைக்குரிய பாட்டும் பண்ணும் நமக்கு எஞ்சவில்லை. மலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கொல்லிப்பண் மட்டும் தேவாரத்தில் நிலைத்தது. நாவுக்கரசர் பாடிய முதற்பதிகம் அப்பண்ணில் அமைந்தது. உறுப்புக்களைப் பொறுத்தவரை பாவை சுருங்கிய ஆடலே: அல்லியத்திற்கு ஆறு உறுப்பெனக் கூறும் மரபு பாவைக்கு மூன்றே கூறுகின்றது. நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து என்னும் பகுப்பில் இது வீழ்ந்தாடலைச் சார்ந்தது. நிலம் பெயரினும் பெயராத பரணரின் பாவை, அரங்கில் வீழ்ந்தாடும் வகையைச் சேர்ந்துவிட்டது.

இம்மாற்றம் ஏன் நேர்ந்தது? அசையாமையைச் சொல்லால் காட்டலாம். ஆடலால் காட்டல் இயலாது. மேடையில் நிற்பவள் உயிருள்ள பெண். அவள் பாவையாக வேண்டுமெனின், உயிருள்ள ஒருத்தி பாவை வடிவம் பூண்டாள் எனக் கதையை மாற்றியே ஆகவேண்டும். செய்யுளில் தெய்வம் வேறு, அது ஆக்கிய பாவை வேறு. அரங்கிலோ தெய்வமே பாவை.

இந்நெருக்கடி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. செருமானியப் புனைகதையாசிரியர் ஹாப்மன் 1816இல் வெளியிட்ட ‘மணல் மனிதன்’ என்னும் கதையில், நதானியேல் என்பான் ஒலிம்பியா என்னும் இயந்திரப் பாவையைப் பெண்ணென மயங்கிக் காதலித்து, பித்தேறி, கோபுரத்தினின்று வீழ்ந்து மாய்கின்றான். அக்கதையைத் தழுவி டெலீபின் இசையோடு 1870இல் பாரிசு நகரில் அரங்கேறிய ‘கொப்பேலியா’ என்னும் ஆடல் நாடகத்திலோ, சுவானில்டா என்னும் மங்கை பாவையின் உடையைத் தான் உடுத்து, அதனைச் செய்தவன் முன்னர் ஆடுகின்றாள், முடிவு திருமணம். அண்மைக் காலத்தில் கிரெகரி மகுவயர் 1995இல் எழுதிய ‘விக்கெட்’ என்னும் மாயப் புதினத்தின் தலைவி, பச்சை நிற மேனியளாகிய எல்பபா, நூலின் இறுதியில் நீர்பட்டு இறக்கின்றாள். 2003இல் நியூயார்க்கில் மேடையேறிய இசை நாடகத்திலோ இறந்தாள்போல் காட்டி மறைந்து உயிர் தப்புகின்றாள். கட்டணம் செலுத்திவந்த அவையோரைத் துயரத்தோடு வீட்டிற்கு அனுப்ப மேனாட்டு அரங்கத்தார் தயங்குவர் போலும். புகார் நகரத்து அரங்கிற்கு அத்தயக்கம் வேண்டுவதில்லை. ஆயின் இந்திர விழா என்னும் வேறொரு கட்டு இருந்தது. கொடுகொட்டி முதலாகக் கடையம் ஈறாகப் பதினோராடலும் தெய்வங்கள் ஆடியவை. அவற்றுட் பல அவுணரையோ பிற பகைவரையோ வென்ற நிகழ்ச்சிகள். அத்தொகுதியுள் இடம்பெறவேண்டின் பாவைக்கும் ஒரு பகை வேண்டும். அகப்பாட்டில் தலைவன் இருந்த இடத்தில் அரங்கில் அவுணர் வந்து நிற்கின்றனர்.

செவ்வேர்ப் பலாவும், வெள்ளருவியும், குடவரையும், ஓரியின் வீழ்ச்சியும் ஆடலில் இடம்பெறாது ஒழிந்தன. இஃது இழப்பே. எனினும் ஒன்றைக் கருதவேண்டும். அகப்பாட்டுக்களில் பாவை தலைவனாலோ தோழியாலோ காணப்படும் பொருள். தனக்கென ஒரு விருப்பம் அதற்கில்லை. ஆடலில் திருமகள் தானே விரும்பி அவ்வடிவைக் கொள்கின்றாள். அதன் அழகு அவள் கைப்படையாகின்றது. உயிரற்றதாய் நின்ற உவமை தொழிற்படும் தலைவியாக மாறியது அரங்கின் கொடை என்பதில் ஐயமில்லை.

இனிக் கொலைச் செய்தியை நோக்குவோம். இளங்கோவடிகள் கூற்றின்படி அவுணர் இறக்கவில்லை, போர்க்கோலம் நீங்குகின்றனர். அடியார்க்குநல்லார் உரையில் மயங்கி வீழ்கின்றனர். பின்னை வழங்கும் கதையில் பாவையின் நகையால் மடிகின்றனர். படிப்படியே கடுமை மிகுதலைக் காண்க. இன்று மலையகத்தில் வழங்கும் கதையைச் சங்கப் பாட்டுக்களோடு ஒட்டினால் மேற்சாரலும் தெய்வ ஆக்கமும் மட்டுமே பொருந்துகின்றன. அவுணர், மயக்கம், வீழ்ச்சி ஆகியவை ஆடலோடு பொருந்துகின்றன. மலையிற் பிறந்த செய்தி அரங்கிற்குச் சென்று, அங்கே பெற்ற பகைவரோடு மலைக்குத் திரும்பியது என நாம் கருதுவதற்கு இதுவே காரணம். அகப்பாட்டு இக்கதையைச் சுட்டாமைக்கு உவமையின் சுருக்கமே காரணம், கதை முன்பே இருந்தது எனக் கொள்வாரும் உளர் ஆகலாம். அவ்வாறாயின், பாவையின் உறுதியைக் காற்று, மழை, இடி, நில அதிர்ச்சி என அடுக்கிக் காட்டிய பரணர் அவுணரை ஏன் விடுத்தார் என்பதற்கு அவர் விடை கூறவேண்டும்.

அரங்கினின்று அகற்றப்பட்ட அகப்பொருள் முற்றும் அழிந்ததோ எனின், அன்று. பாவையாடலை இளங்கோவடிகள் நேரே கூறாது, தன் காதலிக்குப் புகாரின் விழாவைக் காட்டவந்த விஞ்சையன் வாயிலாகக் கூறுகின்றார். அவன் காண்பது தெய்வங்களின் வெற்றி. அதே ஆடலைக் கோவலனும் கண்டிருந்தான். மாதவியின் ஆடலும் கோலமும் முடிந்தபொழுது அவன் மகிழ்ந்திருக்கவில்லை. ஊடிய நெஞ்சோடு இருந்தான். அவனை உவப்பிக்கவே மாதவி நீராடி, அணி பல புனைந்து, பின் அவனோடு கடற்கரைக்குச் செல்கின்றாள்.