ஈயத்தைக் குறைத்துச் சொன்ன கருவி

அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயிண்ட் அடிப்பதை 1978இல் தடை செய்தார்கள். அதற்கு முன் அடித்த பெயிண்ட் பழைய வீட்டுச் சுவர்களில் இன்னமும் இருக்கிறது. உதிர்ந்து தூசியாகிறது, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. அந்த வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் வரலாறு உண்டு. 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு அடித்துக் காட்டினார்கள். அங்கே வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. சேரி என்றால் வங்கி எப்படி முகம் சுளிக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சராசரியாகக் கூடுதலாக இருப்பதை அந்த அரசின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

ஈயம் மூளையைத் தாக்கும். பாதிப்பு திரும்பச் சரியாகாது. பெரும்பாலும் வெளியே அறிகுறியும் இருக்காது. ஆகவே வீட்டு உரிமையாளரிடமும் சுகாதாரத் துறையிடமும் வாதாட ஒரு தாயிடம் இருக்கும் சாட்சி, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்தான். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்கு 12, 24 மாதங்களில் இந்தப் பரிசோதனை கட்டாயம். கருவி தவறினால் அடி முதலில் யார்மேல் விழும் என்பது இதிலேயே தெரிகிறது.

கருவி தவறத்தான் செய்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் மெகல்லன் டயக்னாஸ்டிக்ஸ் நிறுவனம் 'லெட்கேர்' என்ற பெயரில் பரிசோதனைக் கருவிகளை விற்றது. 2013 முதல் 2017 வரை அந்நாட்டில் நடந்த ஈயப் பரிசோதனைகளில் பாதிக்கு மேல் இவற்றில் ஒன்றான 'லெட்கேர் 2' கருவியில்தான். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் சிக்கல் தெரியவில்லை. நரம்பில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்துக் காட்டியது. அப்போது டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது கவனிக்க வேண்டிய அளவு. 6 இருக்கிற குழந்தைக்கு 4 என்று காட்டினால் கோப்பு மூடப்படும்.

கோளாறு தெரியாமல் நடந்ததா? இல்லை. 'லெட்கேர் அல்ட்ரா' கருவியின் குறை, அது சந்தைக்கு வருவதற்கு முன்பே, 2013லேயே நிறுவனத்துக்குத் தெரியும். உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவித்தது 2015இல். பொது எச்சரிக்கை வெளியானது 2017 மே மாதத்தில். 2021இல் அதே நிறுவனத்தின் பரிசோதனைக் கிட்டுகளை, ஈயத்தைக் குறைத்துக் காட்டுகின்றன என்பதற்காகவே மறுபடி திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மொத்தம் 4.2 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது நிறுவனம். தவறான முடிவு பெற்ற குழந்தைகளும் பிறரும் பல்லாயிரம் பேர் இருப்பார்கள் என்பது அமெரிக்க நீதித் துறையின் மதிப்பீடு.

2017 எச்சரிக்கையோடு ஒரு பரிந்துரையும் வந்தது: 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மறுபரிசோதனை. 2014 தொடக்கத்தில் மூன்றரை வயதில் சோதிக்கப்பட்ட குழந்தை அதற்குள் 6 வயதைத் தாண்டியிருக்கும். வயது வரம்புக்குள் இருந்த குழந்தைக்கும் பழைய எண் திரும்பக் கிடைக்காது. ரத்தத்தில் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஒரு பகுதி எலும்பில் போய்த் தங்கும். மூன்று வருடம் கழித்து எடுக்கிற ரத்தம், அந்தக் குழந்தை தவழ்ந்த நாட்களில் அதன் உடம்பில் எவ்வளவு இருந்தது என்று சொல்லாது.